பிடி சரியாகட்டும், பந்து அப்புறம்

ஆயத்தப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீச்சல் கற்றுக்கொள்ள முடிவெடுத்த அன்றே தொப்பி, கண்ணாடி, மூக்குக் கவ்வி, காதடைப்பான் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இறங்கிவிடும். இதைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். சோம்பேறி சும்மா இருப்பான். இது நாள் முழுக்க உழைத்துச் சும்மா இருக்கும்.

முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்றைக் காண வேண்டுமானால் பெரம்பலூருக்கு வரவேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் உதவி மேலாளராக இருக்கும் குருநாதனின் வீடு அங்கேதான் இருக்கிறது.

குருநாதனுக்கும் கோல்ஃபுக்கும் உறவு ஏற்பட்டது ஒரு கூட்டத்தில். சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்து, மண் கொட்டி நிரவிய பழைய சுரங்கத்தின்மேல் பச்சென்று புல் முளைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த புதிய பொது மேலாளர் கிருஷ்ணமூர்த்தி, "அங்க ஜோரா கோல்ஃப் ஆடலாமே! யாருக்காவது ஆடத் தெரியுமா?" என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். குருநாதன் மட்டும், "தெரியும் சார்," என்றார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. மேலாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

"அப்ப அடுத்த மாசம் முதல் ஞாயிறு. நீங்களும் நானும்."

வேறொருவராக இருந்தால் ஒரு மட்டையும் நாலு பந்தும் வாங்கி, ஏதாவது தரிசில் போய் அடித்துப் பார்த்திருப்பார். நம்மவர் செல்போனில் பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர், எல்லாம் பிடியில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். குருநாதன் தன் கையைப் பார்த்தார். சொந்த ஊரான குன்னத்தில், பருத்திக் காட்டில் வளர்ந்த கை. எந்தக் கழியைக் கொடுத்தாலும் மண்வெட்டியைப் போலத்தான் பிடித்தது.

அன்றிலிருந்து பார்சல்கள் வரத் தொடங்கின. எந்த விரல் எங்கே படுக்க வேண்டும் என்று பள்ளம் வைத்த ரப்பர்ப் பிடி வந்தது. மணிக்கட்டு மடங்காமல் இறுக்கும் பட்டை வந்தது. முழங்கைகள் விலகாமலிருக்க இரண்டையும் சேர்த்துக் கட்டும் வார் வந்தது. தலை அசைகிறதா என்று குனிந்து பார்க்கக் காலடியில் வைக்கும் கண்ணாடி, சரியாக வீசினால் 'டக்' என்று பாராட்டும் கழி, எல்லாம் வந்தன. ஒவ்வொரு கருவியும் ஒரு குறையைத் தீர்த்துவிட்டு இரண்டு குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. மட்டையோடு வந்த பந்துப் பெட்டி மட்டும் பிரிக்கப்படவில்லை. தவறான பிடியோடு பந்தை அடித்துவிட்டால் கை கெட்டுவிடுமாம்!

மொட்டைமாடியில் காயும் மக்காச்சோளத்துக்கு நடுவே, இத்தனையையும் கட்டிக்கொண்டு அவர் நிற்பதைப் பக்கத்து மாடியிலிருந்து செல்லப்பன் பார்த்தார்.

"என்னங்க சார், பைக்குல வுழுந்துட்டீங்களா? கட்டு எந்த ஆஸ்பத்திரியில போட்டது?"

"இது பயிற்சிங்க."

"அதாங்க கேக்குறேன். எத்தன நாளைக்கு இந்தப் பயிற்சி குடுக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு?"

துணி எடுக்க வந்த மனைவி பூங்குழலி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஆமா, பந்து எங்கங்க?"

"பந்து அப்புறம். மொதல்ல பிடி. பிடி சரியாயிட்டா பந்து தானா போவும்."

"கார் ஓட்டக் கத்துக்கறேன்னு ஸ்டீயரிங் கவர் வாங்கினீங்களே, அது இன்னும் பீரோவுல கெடக்கு."

"அது வேற."

"எல்லாம் வேறதான். சோளத்த மிதிக்காம நில்லுங்க."

ஞாயிறு வந்தது. புல்வெளி ஓரத்தில் சுரங்கக் கண்காணிப்பாளர் மணிவேல் குடையோடு நின்றிருந்தார். கருவிகளையெல்லாம் பைக்கில் மாட்டிய பையிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு மட்டையைப் பிடித்தார் குருநாதன். என்ன ஆச்சரியம்! விரல்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய்ப் படுத்தன.

"அடடா!" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "பிடின்னா இதுதான் பிடி. அடிங்க, பாப்போம்."

குருநாதன் வீசினார். காற்று நகர்ந்தது. மறுபடி வீசினார். காற்று இன்னும் நன்றாக நகர்ந்தது. மூன்றாவது வீச்சில் குன்னத்துக் கை விழித்துக்கொண்டது. புல்லோடு ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து பறக்க, பந்து பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"சார்," என்றார் மணிவேல் பணிவாக, "அந்தக் குழியில சின்ன வெங்காயம் ஊனிடலாமுங்க."

மேலாளர் நாற்காலி கண்ணெதிரே பறந்து போவதைக் குருநாதன் பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மன்னிக்கணும் சார். நான் இன்னைக்கு வரைக்கும் பந்தை அடிச்சதே இல்ல. கைய மட்டும்தான் பழக்கிக்கிட்டு இருந்தேன்."

கிருஷ்ணமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். மணிவேலை டீ வாங்கிவர அனுப்பினார். அவர் தலை மறைந்ததும், நடந்துபோய்த் தன் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே வலை, பட்டைகள், வார்கள், உறை பிரிக்காத பெட்டிகள்.

"உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்களா, பாத்துக் கத்துக்கலாம்னு நெனச்சேன்," என்றார் தாழ்ந்த குரலில். "தோள் எவ்வளவு திரும்புதுன்னு காட்டற பெல்ட் புதுசா வந்திருக்காமே, பாத்தீங்களா?"

குருநாதன் இப்போது மேலாளர். ஞாயிறுதோறும் இருவரும் அந்தப் புல்வெளியில் ஒருவர் கையை ஒருவர் திருத்திக்கொண்டு நிற்கிறார்கள். புல்லுக்கு ஒரு சேதமும் இல்லை.

சிரித்தீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லைதானே? விடியற்காலை நடைக்கென்று வாங்கி, இன்னும் மண்ணையே பார்க்காத அந்தக் காலணியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாளை முதல் நடக்கப் போகிறீர்கள், தெரியும். அதற்குத் தோதான தண்ணீர்ப் பாட்டில் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.