செம்மான் கேசினோவில் பட்டமளிப்பு

சூதாடுவதற்காகத் திருடியவரைச் சிறையில் தள்ளுவது காட்டுமிராண்டிகளின் வழக்கம். லாஸ் வேகஸ் நாகரிகமான ஊர். இங்கே நீதிமன்றமே மருத்துவம் பார்க்கும்.

அந்த மருத்துவத்தின் பெருமை ரோண்டா பெட்ராகிஸ். பல் மருத்துவமனையில் கணக்கு எழுதியவள். நோயாளிகள் கட்டிய பணத்தைச் சூதாட்ட மெஷினுக்குக் கட்டினாள். நீதிபதி ஆஸ்பினால் சிறைக்குப் பதில் 'சிகிச்சை' என்றார். ஒன்றரை வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கே இல்லை. மெஷின் கூடத்தில் கால் வைத்தால் சிறை. அந்தக் காலை வேவு பார்க்க ஒரு கறுப்புப் பட்டையும் மாட்டினார்கள். தப்பான இடத்துக்குப் போனால் அது ஊளையிடும்.

இந்த ஊரில் மளிகைக் கடையிலும் பால் அலமாரிக்குப் பக்கத்தில் மெஷின் உண்டு. ரோண்டா பாலை விட்டாள். பெட்ரோல் பங்கிலும் உண்டு. காரை விட்டாள். கறுப்புக் காப்பி குடித்து, நடந்தே திருந்தினாள்.

கடைசி வாரம் கண்காணிப்பு அதிகாரி கலானி ஃபோன் செய்தான். ஹவாய்க்காரன், மரியாதை தெரிந்தவன்.

"ஆன்ட்டி, ஜெயிச்சுட்டீங்க! சிகிச்சை முடிச்சவங்களுக்கு சனிக்கிழமை பட்டமளிப்பு. செம்மான் கேசினோ, மாடி ஹால்."

"கேசினோவா? உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போச்சா?"

"வேற எங்க வைக்கறது? என் கல்யாணமே அங்கதான் நடந்துச்சு. பார்க்கிங் ஃப்ரீ, சாப்பாடும் ஃப்ரீ."

"மாடிக்கு மெஷின் நடுவுலதானேப்பா போகணும்? கால்ல இருக்கறது கத்துமே."

"நீங்க கத்தாம வாங்க."

"வரலைன்னா?"

"விதிமீறல், ஆன்ட்டி. ஜெயில்தான்."

"வந்தா?"

கலானி கொஞ்சம் யோசித்தான். "கோழி வறுவல் நல்லா இருக்கும்."

சனிக்கிழமை கலானியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி ரோண்டா செம்மானுக்குள் நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பட்டை ஊளையிட்டது. யாருக்கோ பெரிய பரிசு அடித்துவிட்டது என்று கூடமே கைதட்டியது. ஒரு பணிப்பெண் ஓடிவந்து இலவச மதுவை அவள் கையில் திணித்தாள்.

"யாருக்கும்மா அடிச்சுது?" என்று பக்கத்து மெஷினிலிருந்து ஒரு தலை திரும்பியது. நீதிபதி ஆஸ்பினால். விழா தொடங்கும்வரை நேரத்தை வீணாக்காத மனிதர்.

"ஐயா, பட்டம் குடுக்கறேன்னு நீங்கதானே வரச் சொன்னீங்க!"

"மாடிக்கு வரச் சொன்னேன். மெஷின் கூடத்துக்கா வரச் சொன்னேன்?"

"வேற வழியே இல்லையே ஐயா."

"என் முன்னாடி நிக்கறவங்க எல்லாரும் இதையேதான்மா சொல்றாங்க."

"அப்ப நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"எனக்கு வியாதி இல்லம்மா," என்றார் கனிவாக, பொத்தானை அழுத்தியபடி. "நான் கையெழுத்துப் போட்டாத்தான் அது வியாதி."

சட்டம் யாருக்காகவும் வளையவில்லை. திங்கட்கிழமை ரோண்டா சிறைக்குப் போனாள். அவள் மெஷின் கூடத்தில் நின்றதை நேரில் பார்த்த சாட்சி வேண்டுமே என்று அரசு வழக்கறிஞர் கவலைப்பட்டார். தேவையில்லாத கவலை. சாட்சி நீதிபதியின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பட்டமளிப்பு விழாதான் நடக்கவில்லை. தலைமை தாங்க வேண்டியவர் விடியும்வரை மாடிக்கு ஏறவே இல்லை.