கரண்டு அடுப்புக்குத் தோதான பாத்திரம்

பெண்டாட்டி பேச்சை இனிமேல் கேட்பதில்லை என்று காத்தவராயன் முடிவு கட்டிவிட்டார். கல்யாணமான நாள் முதல் கேட்டுக் கேட்டு அவருக்குக் காதும் புளித்தது, உடம்பும் அலுத்தது. கங்கம்மா கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போவது, அவ்வளவுதான்.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பங்களாவில் ஆர்தர் துரைக்கு அவர்தான் சமையல்காரர். ஊருக்குக் கரண்டு வந்த கையோடு துரை சீமையிலிருந்து ஒரு கரண்டு அடுப்பை வரவழைத்துவிட்டார். விறகில்லை, புகையில்லை. வட்டமாக ஓர் இரும்புத் தகடு, அதுதான் அடுப்பாம்.

"என் செலவில் தோதான பாத்திரம் வாங்கு. ஞாயிற்றுக்கிழமை விருந்து இதில்தான். முடியாவிட்டால் பெங்களூரிலிருந்து வேறு ஆள் வருவான்" என்றார் துரை.

வீட்டில் வந்து சொன்னார். கங்கம்மா யோசித்தாள்.

"தகடு தட்டைன்னா, பாத்திரத்து அடியும் தட்டையா இருக்கணும்ங்க."

"ஆமா, கரண்ட கண்டுபுடிச்சதே நீதான். போயி மண்சட்டிய கழுவு."

"கழுவிக் கழுவி கையே மண்ணாப் போச்சு. ஒரு பித்தள கேட்டேனே, வாங்கினீங்களா?"

"மண்சட்டி ருசி எதுல வரும்?"

வீம்புக்கென்றே ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் உருண்டை அடிப் பித்தளைக் குண்டானை வாங்கினார். தகட்டின்மேல் அது கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி ஆடியது. மத்தியானமாகியும் சோறு அரிசியாகவே இருந்தது. துரை ஒரு வாய் கடித்துப் பார்த்தார்.

"இந்தச் சனியனை நீயே எடுத்துக்கொண்டு போ!"

மறுநாள் கங்கம்மா, "வெண்கலம் மட்டும் வேணாங்க, கனம்" என்றாள். அவர் வெண்கலப் பானையே வாங்கினார். அதற்கும் அடி உருண்டை. அதுவும் குண்டானின் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வேல போச்சுடி கங்கா."

அவர் கண் கலங்கியதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கொல்லைக்குப் போனாள். முன்பிருந்த துரைசாணி ஊருக்குப் போகும்போது கொடுத்த தட்டையடிச் சட்டியில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தகட்டில் அது ஒட்டி வைத்தாற்போல் உட்கார்ந்தது. விருந்து அமர்க்களம். வேலையும் தப்பியது. துரை வயிற்றைத் தடவிக்கொண்டு, "என் செலவில் உன் வீட்டுக்கும் ஏதாவது வாங்கிக்கொள்" என்றார்.

அந்தச் செய்தியைத் தெருவிலிருந்தே கூவிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுப்பில் வெண்கலப் பானை கொதித்தது. புளி போட்டுத் தேய்த்த குண்டான் பக்கத்தில் பளபளத்தது. மண்சட்டியில் கோழிகள் தண்ணீர் குடித்தன.

"அடிப்பாவி! வேணும்னே மாத்தி மாத்திச் சொன்னியா?"

"நான் இன்னா பண்ணேன்? வாங்கினது நீங்க. தொர காசுல ஒரு தோசக்கல்லு வாங்குங்க. சின்னதா போதும், பெருசு வேணாங்க."

காத்தவராயன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இவளுக்குப் பெரியதுதான் வேண்டும், இந்தத் தடவை ஏமாறுவதில்லை. தேடிப் பிடித்து, கடையில் இருந்ததிலேயே சின்னக் கல்லாக வாங்கிவந்தார்.

கங்கம்மா அதை அடுப்பில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்தாற்போல் இருந்தது.

"இந்த வாட்டி சொன்னபடியே வாங்கியாருவீங்கன்னு தெரியும்ங்க" என்றாள்.