கைட்லைன் அண்ணாச்சியும் மாட்டுங்கா உப்புமாவும்

மும்பையில் ஆளில்லாத ரோட்டிலும் பச்சை விழும்வரை காத்து நிற்கிற ஒரே ஜன்மம் எங்கள் கைட்லைன் அண்ணாச்சிதான். இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

தாராவிக்காரர். ஆஸ்பத்திரியில் எனக்கு மெஷின் ஓட்டியவர். தம்பி கொடுத்த எலும்பு மஜ்ஜை என் ரத்தப் புற்றை விரட்டிவிட்டு, அடுத்து என்மேலேயே பாய்ந்தது. தோல் இறுகி விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுவாள். ரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, மருந்து கலந்து, புற ஊதா ஒளி காட்டித் திரும்ப ஏற்றுவதுதான் சிகிச்சை.

அதை ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் எல்லோரும் கூடி, இனிமேல் எழுதிவைத்த நெறிமுறைப்படிதான், அதாவது கைட்லைன்படிதான் என்று கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு மறந்தும் போனார்கள். அண்ணாச்சி மனப்பாடமே செய்துவிட்டார்!

பெரிய டாக்டர் ஒருமுறை, "நாளைக்கு நான் லீவு. இந்த வாரம் இவருக்கு ஒருநாள் போதும்," என்றார்.

"அடுத்தடுத்து ரெண்டு நாள்னு போட்டிருக்கு சார். கீழ இருக்கது உங்க கையெழுத்துதான?"

மறுநாள் டாக்டர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சிகிச்சைக்கு முன் கொழுப்பே ஆகாது. ரத்தம் கலங்கினால் ஒளி சரியாக இறங்காதாம். என் மனைவியோ பாலக்காட்டுக்காரி; எங்கள் மாட்டுங்கா வீட்டு அடுப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் மெஷின் வீல் என்று கத்தியது. தெளிவாக இருக்கவேண்டிய பையில் மோர் மாதிரி ஏதோ மிதந்தது. அண்ணாச்சி அங்கேயே அவளுக்கு போன் போட்டார்.

"மாமி, உப்புமாவுல என்னத்த ஊத்துனிய?"

"ஒரே ஒரு கரண்டி நெய்தான். உடம்பு தேறவேண்டாமா?"

"சோலி முடிஞ்சுது! இன்னைக்கு மெஷின் பந்த்."

அன்றிலிருந்து காலை டிபனை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பவேண்டும். வெறும் இட்லியை அனுப்பினாலும் விடமாட்டார். "ஓரத்துல மொளகாப்பொடி தெரியுதே, என்னத்துல கொழச்சிய?" என்று பதில் வரும்.

ஏழு வாரமாகியும் விரல் அசையவில்லை. போதுமடா சாமி என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வாசலில் அண்ணாச்சி, கையில் ஃபைலோடு.

"மூணு மாசம் பாக்காம பலன் இல்லன்னு சொல்லக்கூடாது. இந்தா போட்டிருக்கு பாருங்க."

"என் கைதானே ஐயா!"

"கை உங்களுது. மூணு மாசம் என்னோடது. நாளைக்கு வாரிய."

அவருக்குப் பயந்துதான் போனேன். மூன்றாம் மாதம் ஒரு காலையில், நானே முக்கி முனகி ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டேன். மனைவி அழுதாள். நானும்தான். அண்ணாச்சியிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"கழத்திட்டு இன்னொரு தரம் போடுங்க," என்றார் மனிதர்!

பிறகு சிகிச்சை மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள், "இனிமே வரவேண்டாம் சார். நல்லா ஆனவங்களுக்கு நிறுத்திரணும்னு போட்டிருக்கு," என்றார். சந்தோஷப்பட வேண்டிய நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"சும்மா உங்களைப் பார்க்க வரலாமா அண்ணாச்சி?"

ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "அதைப்பத்தி ஒண்ணும் போடல," என்றார். மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருந்தாலும் வாங்க சார்."