தீச்சட்டிக்கு எதிரே ஒரு டேங்கர்

'இந்த ஏரியாவில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை' என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். நான் அப்படிச் சொன்னதோடு நிற்காமல், எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன்.

செம்பூரில் ரசாயன டேங்கர் ஓட்டும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறு மாதம் போன பிறகுதான் வேலை நிரந்தரம். தீப்பிடிக்கும் சரக்கு எந்த ரோட்டில் போகலாம் என்று பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். வழியில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட் இருக்கக் கூடாது. வாஷிக்குப் போகும் வழக்கமான ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் மேனேஜர் மாற்று வழி கேட்டார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் போகும் ரோட்டைக் கண்டுபிடித்தேன். (நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருக்கிறது.) மூன்று நாள் காலையில் போய் நின்றேன். இரண்டு நாய்களும் ஒரு சைக்கிள் இட்லிக்காரரும்தான் வந்தார்கள். 'கூட்டம் கூடுமா?' என்ற கட்டத்தில் 'கூடாது' என்று எழுதினேன்.

முதல் வண்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் அம்மா, "நாளைக்குக் காலைல வெளிய வந்து நில்லுல" என்றாள்.

"முக்கியமான வேலை இருக்கும்மா."

"எனக்குந்தாம்ல."

என்ன வேலை என்று கேட்கும் நல்ல பழக்கம் அப்போது என்னிடம் இல்லை.

லேசான தூறல். டிரைவர் காதர் பாய்க்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். வண்டி திரும்பியதும் மேளச் சத்தம். "தம்பி, தூரத்துல என்ன பொகை?" என்றார் பாய். ஆடி மாதம், மாரியம்மன் ஊர்வலம். நாற்பது பெண்கள், கையில் நாற்பது தீச்சட்டிகள், நெருப்பு அணையாமல் இருக்க மேலே குடைகள். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்கர் நிறைய, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் தின்னர். ஊர்வலத்தில் முதல் ஆளாக, மஞ்சள் சேலையில் என் அம்மா.

பாய் இன்ஜினை அணைத்தார். "இனி ஒரு அடி எடுக்க மாட்டேன். ஓடிப் போயி அவங்கள அங்ஙனயே நிறுத்துங்க."

ஆரஞ்சுச் சட்டை, ஹெல்மெட், கையில் சிவப்புக் கொடியோடு ஓடினேன். "நில்லுங்க! கிட்ட வராதீங்க!" என்று கத்திக்கொண்டே குதித்தேன். மேளக்காரர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து அடியைக் கூட்டினார்கள். பதற்றத்தில் நான் இன்னும் குதித்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் திருநீறு பூசினார். இன்னொருவர் ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

"என்ன கொறை வச்சோம் ஆத்தா? சொல்லு!"

"டேங்கர்! டேங்கர்!"

"ஆத்தா டேங்கர் கேக்காடே!" என்றது கூட்டம்.

அம்மாவுக்குத்தான் குரல் பிடிபட்டது. "அது ஆத்தா இல்ல, எம்மவன்" என்றாள் அலுப்போடு. விஷயத்தைச் சொன்னேன். "சட்டிய நீங்க எறக்கி வச்சிட்டா..." என்று இழுத்தேன்.

"கோயில்லதாம்ல எறக்கணும். ஒனக்கு இந்த வேல கெடச்சதுக்குத்தான் இந்தச் சட்டியே."

அம்மா திரும்பி, "யாரும் ஒரு அடி நவுறக் கூடாது. வண்டி போவட்டும்" என்றாள். நாற்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மேளக்காரர்கள் ஓடிப்போய் டேங்கருக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்களை விலக்கினார்கள். மேளம் அடித்தபடியே, "ஆனே தோ, ஆனே தோ" என்று இந்தியில் சொல்லிப் பாயைப் பின்பக்கமாகவே வரவைத்தார்கள். வண்டி மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம். அத்தனை நேரமும் அம்மா எரியும் சட்டியை ஏந்தியபடி அசையாமல் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. (கேட்டவர்களிடம் மஞ்சள் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.)

மறுநாள் மேனேஜர் என் படிவத்தை நிதானமாகப் படித்தார். வேலை போச்சு என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "உன் அம்மா போன் நம்பர் என்ன?"

இன்று எங்கள் படிவத்தில் 'திருவிழா, ஊர்வலம்' என்று புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. அம்மாவிடம் கேட்காமல் அதை யாரும் நிரப்புவதில்லை.

அடுத்த வருஷமும் அம்மா சட்டி எடுத்தாள், எனக்கு வேலை போகாமல் இருந்ததற்காக. அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும், ஊர்வலம் புறப்படும் முன் எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறாள்: "வழியில டேங்கர் எதுவும் விட்டிருக்கியால?"

நாற்பது பேரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ஒரு தடவை படிவத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.