ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சிவப்பு கார்

ஸ்பீடு பிரேக்கரில் வயிறு தட்டி நின்றுவிட்ட காரை எப்படி இறக்குவது என்று தெருவே கூடி யோசித்துக்கொண்டிருந்தது. காருக்குள் இருந்த ஜான்சனுக்குக் கூட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் இடுப்பில் கைவைத்தபடி நின்ற தன் மனைவி ஷர்மிளாவைப் பார்த்துத்தான் அவருக்கு வியர்த்தது.

சிவப்பு நிற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. வயது இருபதைத் தாண்டிவிட்டது. நான்கு பேர் தூக்கி இறக்கிவிட்டதும், ஒன்றுமே நடக்காதது போல உறுமிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றது.

"இன்னாங்க இது?"

"வாங்கல ஷர்மி. பாக்கறதுக்கு எடுத்தாந்தேன்."

"பாக்கறதுன்னா அங்கயே பாத்துட்டு வர்றதுதான?"

நியாயமான கேள்வி. ஆனால் காரின் சொந்தக்காரர் செங்கல்வராயன் அப்படிப்பட்டவர். ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறவர். ஒரு மாதம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சனி ஞாயிறு ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பேசலாம், அட்வான்ஸ் எல்லாம் எதற்கு என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று ஜான்சன் நெகிழ்ந்துபோனார்.

ஜான்சன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பிரிவுக்குத் தலைவர். தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிப்பதுதான் வேலை. மார்க்கெட்டில் கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்துத் தரம் சொல்கிற மனிதர். கார் பார்க்கப் போகிறேன் என்றதும் கூட வேலை செய்யும் வாஹித் பாஷா, மெக்கானிக் ஒருவனைக் கூட்டிப் போய் இன்ஜினைப் பார்க்கச் சொன்னார். ஜான்சன் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. சீட்டை அழுத்திப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்தாலும் அசல் மாட்டுத்தோல். இப்படித் தோல் போட்ட வண்டிக்கு உள்ளே என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இரண்டு பேர், காரில் இரண்டு சீட்டு, கணக்கு சரியாக இருந்தது. தனக்கென்று ஆசைப்பட்டு ஒரு நல்ல ஷூகூட வாங்கிக்கொள்ளாதவர் ஜான்சன். கம்பெனியில் கழித்துக் கட்டியதைத்தான் போட்டுக்கொள்வார். இந்த ஒன்றாவது வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஷர்மிளா சம்மதிக்காமல் வாங்கினால் கார் வீட்டில் இருக்கும், அவர் தெருவில் இருக்க வேண்டியதுதான்.

முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போனார்கள். சீட்டின் வெடிப்பில் ஷர்மிளாவின் பட்டுப்புடவை மாட்டி ஜரிகை பிரிந்தது. வண்டி அவ்வளவு தாழ்வு என்பதால் எழுந்து இறங்கவும் முடியவில்லை. கடைசியில் பாஸ்டர் ஒரு கையையும் பாஸ்டரம்மா இன்னொரு கையையும் பிடித்து இழுத்தார்கள்.

புடவை மாட்டாமல் இருக்க, அடுத்த வாரம் சீட்டின் மேல் புது குடியாத்தம் லுங்கி ஒன்றை விரித்தார் ஜான்சன். முதல் பிரேக்கிலேயே லுங்கி வழுக்கி, ஷர்மிளா லுங்கியோடு கீழே போய்விட்டாள். சர்ச் வாசலில் ஒருவர் குனிந்து, அக்கா வரவில்லையா என்று ஜான்சனிடம் விசாரித்தார்.

"வந்துருக்கேன்," என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

இனி அரைகுறை வேலை ஆகாது என்று ஜான்சன் வெடிப்புகளை அடைத்து, சீட்டுக்குப் புதிதாகச் சிவப்புச் சாயம் அடித்தார். சாயத்தின் மேல் கடைசிப் பூச்சு ஒன்று போட்டு நன்றாகக் காயவிட வேண்டும். இல்லையென்றால் சாயம் ஒட்டும். கம்பெனியில் யாராவது அதை விட்டுவிட்டால் அன்று முழுக்கத் திட்டித் தீர்ப்பவர்தான். ஆனால் சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. ஷர்மிளா அன்று கட்டியிருந்தது சந்தன நிறப் புடவை. அவள் முன்வரிசைக்கு நடந்து போனபோது, பின்வரிசைகளில் ஒருவரும் பிரசங்கத்தைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரே வார்த்தைதான் பேசினாள்.

"மாசம் முடியறதுக்குள்ள வண்டி போய்டணும்."

ஜான்சனுக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. சீட்டுக்குப் புதுத் தோலே போட்டுவிடுவது என்று தோல் கடையில் போய் உட்கார்ந்து, நல்ல தோல்களையெல்லாம் கீறல் இருக்கிறது, கொசுக்கடி இருக்கிறது என்று கழித்துக் கழித்துக் கடைக்காரரை ஒரு வழி பண்ணினார். கடைசியில் தேன் நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு தோல் கிடைத்தது. கம்பெனியில் ஷூ தைக்கும் அன்பரசன் லீவு நாளில் வந்து தைத்துக் கொடுத்தான். ஷர்மிளா உட்காரும் சீட்டுக்கு மட்டும் உள்ளே கூடுதலாக ஸ்பாஞ்சு வைத்து உயர்த்தச் சொன்னார், அவள் சிரமப்படாமல் இறங்க வேண்டுமே என்று.

அந்த ஞாயிறு, கடைசி ரவுண்டு என்று கெஞ்சிக் காவேரிப்பாக்கம் ஏரி வரை அவளைக் கூட்டிப் போனார். ஏரிக்கரையில் காற்று அடித்தது. யார் கையையும் பிடிக்காமல் தானே இறங்கி நின்றவள், திரும்பிச் சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

"நீங்களே பாத்து எடுத்த தோலா?"

"ஆமா."

"எனக்குன்னு ஒசரம் ஜாஸ்தி வச்சீங்களா?"

"ஆமா."

"வாங்கிடலாங்க," என்றாள்.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்றுகூட ஜான்சனுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. திரும்பும் வழியிலேயே ராணிப்பேட்டையில் வண்டியை நிறுத்தினார்கள். செங்கல்வராயன் வெளியே வந்து சீட்டைப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. பிறகு மிகவும் அனுதாபமாகச் சாவிக்குக் கை நீட்டினார்.

"வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்களா? பரவால்ல சார், எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"இல்ல சார். எடுத்துக்கறோம்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. இதோ வருகிறேன் என்று உள்ளே போனவர் வரவில்லை. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. கடைசியில் அவருடைய டிரைவர் கோபி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"இன்னா சார் இப்படி பேஜார் பண்ணிட்டீங்க? பெயிண்ட் அடிக்கறவரு, ரேடியேட்டர் கடைக்காரரு, எல்லாரும் ஒரு மாசம் ஓட்டி அவங்கவங்க வேலைய முடிச்சுக் குடுத்துட்டு, வீட்ல வேணாம்னுட்டாங்கன்னு விட்டுட்டுப் போய்ட்டாங்க. நாளைக்கு டயர் கடைக்காரரு பாக்க வர்றாரு, அவருகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"