தலைப்பொங்கலும் சீஸ் சிறுகிழங்கும்

"எம்மா, சிறுகிழங்க வெறுமனே பொரியலா வச்சிராத. சீஸ் போடுவோம்."

சாக்குப் பைக்குள் கிழங்கைப் போட்டுத் தரையில் தேய்த்துத் தோலுரித்துக்கொண்டிருந்த மாரிசெல்வி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். விரலெல்லாம் கறுத்திருந்தது. ஊரிலிருந்து ரயிலேறித் தாராவிக்கு வந்த கிழங்கு. கூட்டத்தில் மல்லுக்கட்டி வாங்கியது.

"பொங்கலுக்கு எவளாவது சீஸ் போடுவாளாட்டி?"

"அவிய பம்பாயிலயே பொறந்து வளந்தவிய. பழைய தொடுகறியெல்லாம் ஏக்தம் போரடிக்கும். புது ஸ்டைல்ல பண்ணுவோம்மா."

'அவிய' என்றால் மாரீஸ்வரன், ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. கல்யாணமாகி ரெண்டு மாதம். இன்று தலைப்பொங்கல். கீதா டோம்பிவிலியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான். மாமியார் வீட்டில் அவன் கை நனைப்பது இதுதான் முதல் தடவை.

கல்யாணப் பந்தியில் பாதியிலேயே சாம்பார் தீர்ந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததை மாரிசெல்வி மறக்கவில்லை. போன மானத்தை இன்றைக்கு இலையில் மீட்டாக வேண்டும். தெருவே கிண்ணத்தோடு வந்து கேட்டு வாங்கித் தின்கிற கைப்பக்குவம் அவளுடையது. ஆனால் மாப்பிள்ளையின் நாக்கு கட்டிக்கொண்டவளுக்குத்தானே தெரியும்?

"சரி, போட்டுத் தொல."

சீஸ் விழுந்ததுதான் தாமதம், கிழங்கெல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து ஒரே உருண்டையாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் சட்டியும் கூடவே வந்தது.

"கொஞ்சம் பால் ஊத்தும்மா, எளகிரும்."

இளகியது. பொரியல் கூழானது. கூழைக் கெட்டியாக்கப் பாவ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்கள். சப்பென்றிருந்ததற்குப் பாவ்பாஜி மசாலா போட்டார்கள். அது உப்புக் கரித்ததற்குச் சர்க்கரை போட்டார்கள்.

அவியலாவது தப்புமென்று பார்த்தால் அதுவும் தப்பவில்லை. தயிருக்குப் பதில் கீதா மயோனிஸைக் கொட்டினாள். கொதிக்கிற காயில் அது திரிந்து, எண்ணெய் தனியே மேலே மிதந்தது.

"ஐயோ, இத என்ன செய்யட்டி?"

"ஐஸ் போட்டா எண்ணெ ஒறஞ்சிரும். அள்ளிப் போட்ரலாம்."

ஐஸ் கரைந்தது. எண்ணெய் உறையவில்லை. அவியல் ரசமாயிற்று.

பூசணிக்காய்ப் பச்சடியில் சாக்லேட் சாஸ் ஊற்றியபோது மாரிசெல்வியின் வீட்டுக்காரர் நாகராஜ் எட்டிப் பார்த்தார். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"இதே கலர்ல எங்க பட்டறையில கிரீஸ் கெடக்கு," என்றார்.

"வாய மூடிக்கிட்டு வெளிய போங்க! நானே வெந்து போயிக் கெடக்கேன்."

கீதா குளிக்கப் போனாள். அதுதான் சமயமென்று மாரிசெல்வி மிச்சமிருந்த கிழங்கை எடுத்தாள். தேங்காயும் சீரகமும் வற்றலும் அரைத்துப் போட்டு, ஒரு சின்னச் சட்டியில் பழைய மாதிரியே பொரியல் செய்து மூடி வைத்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஈரத் தலையோடு வந்த கீதா மோப்பம் பிடித்துவிட்டாள்.

"எம்மா, இது என்னது?"

"இலையில ஒரு ஓரமா இருக்கட்டும்ட்டி. பிடிச்சா சாப்பிடட்டும்."

"ஓரமும் வேண்டாம், நடுவும் வேண்டாம்!"

சட்டியைத் தூக்கி அப்படியே கூழுக்குள் கவிழ்த்துக் கலக்கிவிட்டாள். மாரிசெல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒனக்கென்ன கோட்டியாட்டி பிடிச்சிருக்கு?"

"என்னய நம்பும்மா. அவியளுக்கு இதுதான் பழக்கம்."

பன்னிரண்டரைக்கு மாரீஸ்வரன் வேட்டியும் இனிப்புப் பெட்டியுமாக வந்து சேர்ந்தான். இலை போட்டாயிற்று. மாரிசெல்வி ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். வரிசையாக விழுந்த மூன்றையும் பார்க்க அவளுக்கே கூசியது.

அவன் சிறுகிழங்கை வாயில் வைத்தான். அசைபோடுவதை நிறுத்தினான். அவியலைத் தொட்டு நக்கினான். பச்சடியில் ஒரு விரல். பிறகு தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

மாரிசெல்வி செம்பை வாங்கி மறுபடி நிரப்பினாள். இந்த மாப்பிள்ளை இனிமேல் இந்த வாசலை மிதிப்பாரா?

"என்ன மாப்பிள்ள, நல்லால்லியா?"

மாரீஸ்வரன் அவளைப் பார்க்கவில்லை. கீதாவின் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஸாரி கீதா," என்றான். பிறகு மாமியாரிடம் சொன்னான்: "ரெண்டு மாசமா இவளுக்குச் சமைக்கவே தெரியலன்னு தெனமும் சண்ட போட்டேன் அத்தை. 'எங்கம்மா சமையலும் அச்சு அசல் இப்படித்தான், வந்து தின்னு பாருங்க'ன்னு அழுதா. நாந்தான் நம்பல!"