கறுப்புக் கட்டையைத் தொடாத வலது கை

கவலைப்படுகிறவர்களிடம் ஒரு குறை உண்டு. தேவையில்லாத இடத்திலெல்லாம் கவலையைச் செலவழித்துவிட்டு, தேவையான இடத்துக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. நான் அந்த இனத்தில் முதல் தரம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு (அதுவும் என்னைத் தேடவில்லை) மலையாள மண்ணில், கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு. அப்போதுதான் எனக்கு லிடியாவைப் பேசினார்கள். அவள் பி.காம்., நான் பார்சல். அவளுடைய அம்மா முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"படிப்பு இல்லேண்ணாலும் பையன் கையில வித்தை உண்டுண்ணு சொல்லுதாவ. அதையும் ஒருக்கா பாத்துருவோம்" என்றாராம்.

பார்ப்பதற்குக் குறித்த இடம் கரமனைப் பக்கம் ஒரு சர்ச், லிடியாவின் சித்தி மகள் கல்யாணம். லிடியா பாடுவாள், நான் வாசிக்க வேண்டும்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வலது கைக்கு ஒரு ஓட்டம் உண்டு. கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் புகுந்து புகுந்து மேலே ஏறி, அதே வேகத்தில் இறங்கி வர வேண்டும். லிடியாவின் சுருதிக்கு வாசித்தால் கறுப்புக் கட்டைகளாகக் குறுக்கே வரும். அதற்குத்தான் கீபோர்டில் பட்டன் இருக்கிறதே. ஆறு தடவை அமுக்கினால் சுருதி தானாக ஏறிக்கொள்ளும். நாம் பாட்டுக்கு வெள்ளைக் கட்டையில் ஓடலாம். எங்கள் பக்கத்துக் கீபோர்டுக்காரர்களின் ஞானத்தில் பாதி அந்தப் பட்டனில்தான் இருக்கிறது. (என்னுடையது முழுவதும்.)

பயிற்சி என்றால் அப்படியொரு பயிற்சி. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் ஏறி இறங்கினேன். ஒருநாள் கம்பி முடிந்து, முன்னால் இருந்தவரின் தோளிலும் இரண்டு விரல் ஏறிவிட்டது. "எந்தா சேட்டா?" என்று திரும்பினார். ஹோட்டலில் வாழையிலை மேல் விரல்கள் ஓடுவதைப் பார்த்த முதலாளி, "லேய், பொட்டலத்தைக் கெட்டு. சாம்பாருக்குக் கிச்சுக்கிச்சு மூட்டாத" என்றார்.

கவலையையும் விடவில்லை. கூடுதலாக ஒரு அடாப்டர், வயிற்றுக்கு மாத்திரை, மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்து வைத்தேன். கரண்ட் போனால்? முந்தின நாளே சர்ச்சுக்குப் போய், அங்கே மணியடிக்கும் கப்யாரிடம் கேட்டேன். அவர் மூலையில் இருந்த பழைய பியானோவைக் காட்டி, "கரண்டு போயா பியானோ உண்டல்லோ மோனே" என்றார். அன்றைக்கு மாதிரி நான் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை.

மறுநாள் மழை. மோதிரம் மாற்றி முடித்ததும் கரண்ட் போயிற்று. நான் கொஞ்சமும் பதறவில்லை. இதற்கும் சேர்த்துத்தானே கவலைப்பட்டு முடித்திருந்தேன். கம்பீரமாக நடந்துபோய்ப் பியானோவில் உட்கார்ந்தேன். முதல் வரிசையில் லிடியாவின் அம்மா.

வலது கை புறப்பட்டது. ஏறியது, இறங்கியது. ஒரு விரல் பிசகவில்லை. என் வாழ்க்கையிலேயே அப்படி வாசித்ததில்லை.

பிறகு லிடியா வாயைத் திறந்தாள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது: பியானோவில் பட்டன் கிடையாது. சுருதி ஆறு படி கீழே கிடக்கிறது. சரியான சுருதிக்குப் போகலாம் என்றால், கறுப்புக் கட்டைகளோடு என் கைக்கு முன்பின் பழக்கமில்லை. நிறுத்தவும் தைரியமில்லை. அதனால் வேகத்தைக் கூட்டினேன். முதல் சரணம் வரை உறுமிப் பார்த்த லிடியா, இரண்டாவதில் ஒரேயடியாக மேலே தாவினாள். குழந்தைகள் அழுதன. மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கினாள். பாட்டு முடிந்த நொடியில் கரண்ட் வந்தது.

வாசலில் லிடியாவின் அம்மா என் பக்கமே திரும்பவில்லை. லிடியா வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"பட்டன் போட்டு வாசிக்குத ஆளா நீங்க?"

தலையாட்டினேன்.

"நானும் உங்க கூட ஓடி வந்தேன்லா, என்னைச் சொல்லணும்" என்றவள், அம்மாவிடம் திரும்பி, "இவரை இன்னொருத்தி தலையில கெட்ட வேண்டாம்மா. அவ தொண்டைக்குத் தாங்காது" என்றாள்.

கல்யாணம் எங்கள் சர்ச்சில்தான். கரமனை சர்ச்சில் இப்போது ஜெனரேட்டர் இருக்கிறது. ஏன் வாங்கினார்கள் என்று கப்யார் யார் கேட்டாலும் சொல்கிறார். கேட்காவிட்டாலும் சொல்கிறார். வீட்டில் நான் எதற்காவது கவலைப்பட்டுக் குரலை உயர்த்தினால், என் மகள் வந்து, சுருதியை இறக்க என் தோளில் ஆறு தடவை அமுக்கிவிட்டுப் போகிறாள்.